படகு கட்டுகிறவர் ஆற்றையும் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், கழிமுகத்தில் படகு கட்டி வைப்பது பற்றிய கட்டுரையில் ஓதம் (கடல் நீர் ஏறி வற்றுவது), காற்று, மணல் திட்டு என்று எல்லாம் இருந்தது. ஆற்றை மட்டும் காணோம். வேலூர்க்காரனுக்குப் படகைப் பற்றி என்ன பேச்சு என்று தோன்றலாம். பாலாற்றில் நாங்கள் தண்ணீரைவிட மணல் லாரியைத்தான் அதிகம் பார்த்திருக்கிறோம், உண்மைதான். ஆனால் காட்பாடியில் வெல்டிங் பட்டறை நடத்துகிறேன். என்னோடு ஐடிஐ படித்த நண்பர் கடலூர் தாழங்குடாவில் ஃபைபர் படகு வைத்திருக்கிறார். அவருக்கு நங்கூரமும் வளையமும் என் பட்டறையிலிருந்துதான் போகின்றன.

தாழங்குடா, தென்பெண்ணை கடலில் சேரும் இடம். அதே ஆற்றில் மேலே இருக்கும் சாத்தனூர் அணை எங்கள் பழைய வடஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1989-ல் திருவண்ணாமலை மாவட்டத்தோடு பிரிந்து போனது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. காற்று போயாச்சு, இனி பயமில்லை என்றுதான் கடற்கரையில் யாருக்கும் தோன்றும். புயலோ உள்ளே போய்க் கொட்டித் தீர்த்தது. அணைக்கு மேலே, கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. டிசம்பர் 2-ம் தேதி சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் வந்தது. கழிமுகத்தில் கட்டிய படகுக்குப் புயலைவிடப் புயலுக்கு அடுத்த நாள்தான் ஆபத்து என்பது என் கருத்து.

காரணம் இருக்கிறது. சாதாரண நாளில் ஓதம் ஏறும்போது படகு ஒரு பக்கம் திரும்பும், வற்றும்போது மறுபக்கம் திரும்பும். நடுவில் கயிறு தளரும். நம் கடலூர்ப் பக்கம் அமாவாசை, பௌர்ணமியில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். குஜராத்தின் பாவ்நகர் போல ஏறி இறங்குகிற கடல் இல்லை. ஆற்று வெள்ளம் வந்தால் கதை வேறு. தண்ணீர் விடாமல் கடல் பக்கமே இழுக்கும். நீரோட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் படகின் மேல் விழும் இழுவை நான்கு மடங்காகும். கூடவே ஆகாயத்தாமரையும் மரக்கிளையும் வந்து அணியத்தில் (படகின் முன்முனையில்) சிக்கிக்கொள்ளும்.

பலரும் பழைய கான்கிரீட் கட்டியைப் போட்டு அதில் சங்கிலியைக் கட்டிவிடுகிறார்கள். 100 கிலோ கான்கிரீட் தண்ணீருக்குள் 60 கிலோ எடைகூட நிற்காது. அதே எடை இரும்பு என்றால் 87 கிலோ நிற்கும். சேற்றில் புதைந்த கட்டி பிடித்துக்கொள்ளும், சரி. மணலில் வைத்த கட்டியை வெள்ளம் அடியில் அரித்து உருட்டிவிடும். அதனால் மணல் தரையில் கொழு (தரையில் குத்தி இறங்கும் அலகு) உள்ள நங்கூரம்தான் போட வேண்டும், சங்கிலியும் ஆழத்தைப்போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும்.

இடம் பார்ப்பதைப் பற்றி நீங்கள் எழுதியது சரிதான். நான் சேர்ப்பது ஒன்று: ஆறு வளைகிற இடத்தில் வெளிப்பக்கக் கரையை ஒட்டிக் கட்டக் கூடாது. அங்கேதான் ஆழம் இருக்கும், ஆசை காட்டும். வெள்ளத்தின் வேகமும் அங்கேதான்.

பராமரிப்பில் என் தொழில் வருகிறது. எந்தச் சங்கிலியும் மேலே தெரியும் பகுதியில் அவ்வளவாகத் தேயாது. தரையைத் தொட்டு எழும்பி எழும்பி உரசும் சில அடிதான் இளைத்துப்போகும், அதைத் தூக்காமல் பார்க்க முடியாது. ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை சங்கிலியைத் தூக்கி, கொட்டலசை (ஒட்டிக்கொள்ளும் சிப்பி போன்ற கடல் உயிரி) சுரண்டிவிட்டு, கண்ணிகளை அளந்து பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சங்கிலிக்கு எவர்சில்வர் ஷேக்கிள் (ஆணி போட்டு மூடும் இணைப்பு வளையம்) மாட்டாதீர்கள். உப்புத் தண்ணீரில் எவர்சில்வர் நன்றாக இருக்கும், அதைத் தொடும் ஜிஐ கண்ணி அரித்துப்போகும். பளபளவென்று இருக்கிறதே என்று கேட்டு வாங்குபவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஷேக்கிள் ஆணியை முறுக்கியதோடு விடாமல் கம்பி போட்டுக் கட்ட வேண்டும். கயிறு விளிம்பில் உரசும் இடத்தில் பழைய ரப்பர் ட்யூபைச் சுற்றினாலே போதும். படகுக்குப் போகும் கயிறு நைலானாக இருக்கட்டும்; அது இழுபட்டுக் கொடுக்கும். பாலிப்ரொப்பிலின் மலிவுதான், ஆனால் மிதந்து இன்னொருவர் ப்ரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும், வெயிலில் சீக்கிரம் மட்கியும் போகும்.

அணை திறக்கும்போது வெளியாகும் எச்சரிக்கைகளில் ‘கரையோர மக்கள் ஆற்றில் இறங்க வேண்டாம், கால்நடைகளை ஓட்டிச் செல்லுங்கள்’ என்பதே பெரும்பாலும் இருக்கிறது. முகத்துவாரத்தில் படகு கட்டியிருப்பவர்களுக்கு என்று ஒரு வரி சேர்த்து, எத்தனை கன அடி, எத்தனை மணிக்குத் திறந்தது என்பதையும் உங்கள் கடலூர், விழுப்புரம் பதிப்புகளில் தனிக் கட்டமாகப் போட்டால், கூடுதல் கயிறு போடவோ படகைக் கரையேற்றவோ சில மணி நேரமாவது கிடைக்கும்.

இப்படிக்கு,
பட்டறைக்காரர் ஒருவர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.