டிக் பச்சையா என்று பார்க்காதீர்கள், எத்தனை ஓடியது என்று எண்ணுங்கள்: பராமரிப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நம் எழுத்துமாற்றி லைப்ரரியின் பராமரிப்புக் குழுவினருக்கு,

வணக்கம்.

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், தேவிகுளம் பக்கமும், ஆந்திரத்தின் நகரி, சத்தியவேடு, குப்பம் பக்கமும் இருந்துகொண்டு தமிழ், மலையாளம், தெலுங்கு எழுத்துகளுக்கிடையே பெயர்களை மாற்றித் தரும் இந்த லைப்ரரியைத் தினமும் பயன்படுத்துகிற, அவ்வப்போது பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்புகிற சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். எங்கள் பக்கத்தில் ஒரே ஆளின் பெயர் ஒரு காகிதத்தில் தமிழிலும் இன்னொன்றில் மலையாளத்திலோ தெலுங்கிலோ இருப்பது சாதாரணம். மாற்றும்போது ஓர் எழுத்து பிசகினால் அது வேறு ஆளின் பெயராகிவிடும். ஆகவே இந்த லைப்ரரியின் டெஸ்டுகள் (நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று தானாகச் சோதிக்கும் சிறு நிரல்கள்) எங்களுக்கு ரொம்ப முக்கியம்.

டெஸ்டுகளை ஓட்டும் கருவியை நோஸிலிருந்து (nose) பைடெஸ்டுக்கு (pytest) மாற்றப் போவதாக அறிவித்திருக்கிறீர்கள். சரியான முடிவு. இனியும் தள்ளிப்போட வழியில்லை. நோஸின் கடைசி வெளியீடான 1.3.7 வந்தது 2015-இல். 2021 அக்டோபரில் வந்த பைத்தான் 3.10, கலெக்‌ஷன்ஸ் மாட்யூலில் காலபிள் என்று இருந்த பழைய பெயரை நீக்கிவிட்டது. நோஸ் அந்தப் பெயரை நம்பி எழுதப்பட்டது, 3.10-இல் ஓட மறுத்து விழுந்துவிடுகிறது. அதனால்தான் நம் சி.ஐ. (ஒவ்வொரு மாற்றத்துக்கும் டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் அமைப்பு) இன்னும் 3.9-ஐப் பிடித்துத் தொங்குகிறது. அந்த 3.9-க்கும் 2025 அக்டோபரோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின.

எங்களுக்கு உடன்பாடில்லாதது ஒன்றுதான்: எல்லாவற்றையும் ஒரே புல் ரிக்வெஸ்டில் (மாற்றங்களைச் சேர்க்கக் கேட்கும் விண்ணப்பம்) மாற்றி, பைடெஸ்ட் பச்சை காட்டியதும் மெர்ஜ் செய்துவிடலாம் (மூல நிரலோடு சேர்த்துவிடலாம்) என்கிற திட்டம். லாரி வாளையாறு செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டது என்பதற்காகச் சரக்கு குறையாமல் வந்துவிட்டது என்று யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. நோஸிலிருந்து மாறும்போது டெஸ்டுகள் உடைவதைக் காட்டிலும் காணாமல் போவதுதான் அதிகம். உடைந்தது சிவப்பாகத் தெரியும். காணாமல் போனது பச்சைக்குள் ஒளிந்துகொள்ளும்.

முதல் ஆபத்து யீல்டு டெஸ்டுகள். நம் ஊர்ப்பெயர் அட்டவணை முழுவதும் இந்த வகைதான்: ஒரு ஃபங்ஷன் அட்டவணையைப் படித்து வரிக்கு ஒரு டெஸ்டை யீல்டு செய்யும், நோஸ் ஒவ்வொன்றையும் தனி டெஸ்டாக ஓட்டும். பைடெஸ்ட் 4.0-இலேயே இந்த ஆதரவை எடுத்துவிட்டது. ஆனால் எடுத்த விதம் பொல்லாதது. 8.4 வரும் வரைக்கும் அப்படிப்பட்ட ஃபங்ஷனை ஓட்டாமலேயே ‘எதிர்பார்த்த தோல்வி’ என்று குறித்து ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடும். அட்டவணையில் 400 வரிகள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 டெஸ்டுகள் போய் ஒரே ஒரு சின்ன எக்ஸ் எழுத்து திரையில் வரும், முடிவு பச்சை. 8.4-இலிருந்துதான் இது வெளிப்படையான பிழை ஆயிற்று. ஆகவே மாற்றும் காலம் முழுக்க பைடெஸ்ட் 8.4-க்குக் கீழே போகாதீர்கள். அது 3.9-இலும் ஓடும் என்பதால் நோஸும் பைடெஸ்டும் ஒரே பைத்தானில் பக்கத்தில் பக்கத்தில் ஓடலாம். இந்த வசதி 9.0-இல் கிடையாது, அதற்கு 3.10 வேண்டும்.

அடுத்தது செட்அப், அதாவது டெஸ்டுக்கு முன்னால் ஓடும் தயாரிப்பு ஃபங்ஷன். கிளாஸுக்குள் வெறுமனே செட்அப் என்று சின்ன எழுத்தில் எழுதுவது நோஸின் வழக்கம். பைடெஸ்ட் 8.0 முதல் அதைக் கூப்பிடுவதில்லை. யூனிட்டெஸ்டின் டெஸ்ட்கேஸிலிருந்து வந்த கிளாஸ்களில் இருக்கும் பெரிய யூ போட்ட செட்அப்புக்கு ஒன்றும் ஆகாது, அதைத் தொட வேண்டாம். செட்அப்பில் அட்டவணையை ஏற்றி செல்ஃபில் வைத்திருந்தால் கவலை குறைவு: அது ஓடாதபோது ஆட்ரிபியூட் எரர் வந்து நமக்குத் தெரிந்துவிடும். நம் ரெப்போவில் (நிரல் களஞ்சியத்தில்) பல செட்அப்புகள் கேஷை (முந்தைய விடைகளின் தற்காலிகச் சேமிப்பை) காலி செய்வதற்காக மட்டும் இருக்கின்றன. அவை ஓடாவிட்டால் முந்தின டெஸ்டின் கேஷ் அப்படியே இருக்கும், அடுத்த டெஸ்ட் அதிலிருந்தே சரியான விடையை எடுத்துக்கொண்டு பாஸாகிவிடும். கிளாஸுக்குள் இருப்பதை செட்அப்_மெத்தட் என்றும், கோப்பின் மேல்மட்டத்தில் இருப்பதை செட்அப்_மாட்யூல் என்றும் மாற்றினால் போதும். டெஸ்டுக்குப் பிறகு சுத்தம் செய்யும் டியர்டவுனுக்கும் இதுவேதான்.

பெயர் விவகாரமும் உண்டு. ஃபங்ஷன் பெயரின் தொடக்கத்திலோ ஓர் அடிக்கோட்டுக்குப் பிறகோ டெஸ்ட் என்று வந்தால் நோஸுக்குப் போதும். சில்லு_டெஸ்ட் என்று இருந்தாலும் எடுத்துக்கொள்ளும். பைடெஸ்ட் ஃபங்ஷன் பெயர் டெஸ்ட் என்று தொடங்கினால்தான் எடுக்கும். இன்னொன்று இதற்கு நேர் எதிர்: லினக்ஸில் எக்ஸிகியூட் அனுமதி போட்ட கோப்புகளை நோஸ் தானாகவே தவிர்த்துவிடும், பைடெஸ்ட் அப்படித் தவிர்க்காது. ஆகவே இத்தனை காலம் ஓடாமலே கிடந்த கோப்பு ஒன்று திடீரென்று விழித்துச் சிவப்பு காட்டலாம். அதை பைடெஸ்டின் குற்றம் என்று நினைத்து ஸ்கிப் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அங்கே உண்மையான பக் இருக்கும். செட்அப் டாட் சிஎஃப்ஜி என்ற அமைப்புக் கோப்பில் நோஸுக்கென்று எழுதிவைத்த பகுதியை பைடெஸ்ட் திரும்பிக்கூடப் பார்க்காது. டாக்டெஸ்டுகள் (நிரலின் விளக்கக் குறிப்புக்குள் எழுதிய உதாரணங்களைச் சோதிப்பவை) அந்தப் பகுதியால்தான் ஓடிக்கொண்டிருந்தன. டாக்டெஸ்ட்-மாட்யூல்ஸ் விருப்பத்தை பைடெஸ்டின் அமைப்பில் நீங்களே எழுதிச் சேர்க்க வேண்டும்.

இனி வழிமுறை. முதலில் எந்தக் கோப்பையும் தொடாமல் 3.9-இல் நோஸை எக்ஸ்யூனிட் விருப்பத்தோடு ஓட்டி, வரும் எக்ஸ்எம்எல் கோப்பைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். பிறகு அதே கமிட்டில் (பதிவு செய்த அதே நிரல் நிலையில்) பைடெஸ்டை ஜேயூனிட் எக்ஸ்எம்எல் விருப்பத்தோடு ஓட்டுங்கள். இரண்டிலும் டெஸ்டுகளின் முழுப் பெயர் ஒத்துப்போகாது, அதனால் மாட்யூல் வாரியாக எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். ஓடியது தனி, ஸ்கிப் ஆனது தனி என்று எண்ண வேண்டும். மொத்தத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். இந்த ஒப்பீட்டைச் சின்ன ஸ்கிரிப்டாக எழுதி சி.ஐ.-யிலேயே வைத்துவிட்டால், எந்த மாட்யூலிலாவது பைடெஸ்டின் எண்ணிக்கை குறையும்போது அந்த வேலை சிவப்பாகும். எண்ணிக்கை கூடினால் ஏன் என்று ஒரு வரி விளக்கம் கேட்டால் போதும்.

மாற்றங்கள் ஃபோல்டருக்கு ஒரு புல் ரிக்வெஸ்டாக வரட்டும். முதலில் யீல்டு டெஸ்டுகளை பாராமெட்ரைஸாக்குவது (ஒரே டெஸ்டை வரிக்கு ஒரு முறை ஓட்டும் பைடெஸ்டின் வழி), பிறகு செட்அப் பெயர்கள், அதற்குப் பிறகு ஃபங்ஷன் பெயர்கள். அசர்ட்_ஈக்வல் போன்ற நோஸ் கருவிகளை வெறும் அசர்ட்டாக்குவது கடைசி. ஓட்டும் கருவியையும் ஓடும் டெஸ்டின் உள்ளடக்கத்தையும் ஒரே கமிட்டில் மாற்றினால், எது எதைக் கெடுத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். அசர்ட் மாற்றத்தைத் தேடி-மாற்று வைத்துச் செய்யவே கூடாது. இரண்டு மதிப்புகளை அடைப்புக்குறிக்குள் கமா போட்டு வைத்து முன்னால் அசர்ட் என்று எழுதினால் அது காலியில்லாத டியூப்பிள் (மதிப்புகளின் தொகுப்பு), எப்போதும் உண்மை. பைத்தான் ஒரு சிண்டாக்ஸ் எச்சரிக்கை தரும். அந்தக் கூட்டத்தில் அதை யார் பார்க்கப் போகிறார்கள்? நோஸ்2பைடெஸ்ட் என்று இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது, அதை ஓட்டிவிட்டு டிஃப்பை (எந்த வரி எப்படி மாறியது என்ற பட்டியலை) கண்ணால் படியுங்கள்.

எண்ணிக்கை சரியானாலும் போதாது. வேண்டுமென்றே உடைத்துப் பார்க்க வேண்டும். இதற்கு எங்கள் பக்கத்திலிருந்தே நல்ல உதாரணம் இருக்கிறது. தமிழில் பாலக்காட்டுச் சித்தூரையும் ஆந்திரச் சித்தூரையும் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். பாலக்காட்டு ஊரை மலையாளத்தில் றகரத்தை இரட்டித்து, கடைசியில் ரகரச் சில்லு (உயிர் சேராத மெய்க்கான தனி எழுத்து) போட்டு எழுதுவார்கள். ஆந்திர ஊருக்குத் தெலுங்கில் தகர இரட்டிப்பு, ஈற்றில் உகரம். தமிழிலிருந்து எழுத்துக்கு எழுத்து மாற்றினால் மலையாளத்தில் தகரம்தான் வரும், தப்பாகிவிடும். இதைப் பிடிக்கத்தான் விதிவிலக்கு அட்டவணையில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை அழித்துவிட்டு, பழைய டெஸ்டுகளை நோஸிலும் மாற்றிய டெஸ்டுகளை பைடெஸ்டிலும் ஓட்டுங்கள். நோஸ் சிவப்பாகி பைடெஸ்ட் பச்சையாகவே இருந்தால் மாற்றம் முடியவில்லை என்று பொருள். ழகர விதியைக் கெடுத்து ஒரு முறை, சில்லெழுத்து விதியைக் கெடுத்து ஒரு முறை, கேஷைக் காலி செய்யும் வரியை எடுத்துவிட்டு ஒரு முறை இதையே செய்யுங்கள். ஃபோல்டருக்கு மூன்று உடைப்பு போதும்.

அட்டவணைக்குப் பதில் தமிழிலிருந்து மலையாளம் போய்த் திரும்பும் ரேண்டம் டெஸ்டுகளே போதும் என்று குழுவில் ஒரு கருத்து இருப்பதாகத் தெரிகிறது. கூடுதலாக வையுங்கள், மறுப்பில்லை. ஆனால் மலையாளத்தின் நான்கு ககரங்களும் தமிழில் ஒரே க-வில் வந்து முடிவதால், மலையாளத்திலிருந்து தொடங்கும் போக்குவரத்தை அப்படிச் சோதிக்கவே முடியாது. அட்டவணை இருந்தே ஆக வேண்டும்.

பாராமெட்ரைஸ் செய்யும்போது இன்னொரு தொல்லை வரும். தமிழ்ச் சொல்லையே டெஸ்டின் அடையாளமாக விட்டால் பைடெஸ்ட் அதை எஸ்கேப் செய்து பின்சாய்கோடும் எண்ணுமாகக் காட்டும். எந்த ஊர் தோற்றது என்று லாகைப் பார்த்துச் சொல்ல முடியாது. இதை நிறுத்த ஒரு விருப்பம் இருக்கிறது. எஸ்கேப்பை நிறுத்திக்கொள், சமூக உதவி கேட்கும் உரிமை அத்தனையையும் இழந்துவிடு என்று அதன் பெயரிலேயே நீளமாக எழுதிவைத்திருக்கிறார்கள்! வேடிக்கையாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அதைத் தொட வேண்டாம். அட்டவணையில் ஏற்கெனவே இருக்கும் வரிசை எண்ணை அடையாளமாகக் கொடுங்கள். தமிழ்ச் சொல் அசர்ட்டின் செய்தியில் வரட்டும்.

விண்டோஸ் ரன்னரை (சி.ஐ. டெஸ்டுகளை ஓட்டும் கணினியை) சேர்ப்பதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். அங்கே பைத்தான் 3.9-இலும் அதற்கடுத்த சில பதிப்புகளிலும் என்கோடிங் (எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறை) சொல்லாமல் திறந்த கோப்பு சிபி1252 என்ற மேற்கத்திய எழுத்து அட்டவணைப்படி படிக்கப்படும். தமிழின் புள்ளிக்கும் உகரக் குறிக்கும் யுடிஎஃப்-8-இல் வரும் கடைசி பைட்டுகளுக்கு அந்த அட்டவணையில் இடமே இல்லை. ஆகவே ‘மரம்’ இருக்கும் கோப்பு டிகோடு எரரோடு விழும். ‘தலை’ மட்டும் இருக்கும் கோப்பு விழாது, ஒன்பது குப்பைக் குறிகளாக அமைதியாக உள்ளே வரும். போய்த் திரும்பும் டெஸ்டில் அந்தக் குப்பை மாறாமல் போய் மாறாமல் திரும்பிப் பாஸும் ஆகிவிடும். சி.ஐ.-யில் யுடிஎஃப்-8 சூழல் மாறியைப் போட்டு இதை மூடி மறைக்காதீர்கள், பயனரின் கணினியில் அது இருக்காது. ஒவ்வொரு ஓப்பனிலும் என்கோடிங்கை எழுதுவதுதான் மருந்து. 3.10-க்கு மேல் போனதும் டீஃபால்ட் என்கோடிங் எச்சரிக்கையைப் போட்டால் விட்டுப்போன இடங்களை அதுவே காட்டும்.

மலையாளத் தரவு குறித்து ஒரு சொல். சில்லெழுத்துகளுக்குத் தனிக் குறியீடு வந்தது 2008-இல், யூனிகோடு 5.1-இல். அதற்கு முன் மெய், சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத இணைப்பி என்று மூன்று குறிகளால் எழுதினார்கள். இந்த இரண்டு வடிவங்களையும் யூனிகோடு நார்மலைசேஷன் ஒன்றாக்காது. அட்டவணையை ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டும்போது சில எடிட்டர்கள் அந்த இணைப்பியைத் தின்றுவிடும். திரையில் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், டிஃப்பிலும் கண் ஏமாறும். எனவே இந்த வரிகளை மட்டும் எஸ்கேப் வடிவிலேயே வையுங்கள்.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் கோப்பில் பதிப்பு எண்ணுக்கு மேற்கோள் போடுங்கள். போடாவிட்டால் அந்தக் கோப்பின் வடிவமான யாமல் 3.10-ஐப் பின்ன எண்ணாக எடுத்து 3.1 ஆக்கிவிடும். ஃபெயில்-ஃபாஸ்ட்டை அணைத்து வையுங்கள். விண்டோஸில் ஒன்று விழுந்ததும் மற்ற எல்லாமே ரத்தானால் ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது. பிராஞ்ச் பாதுகாப்பில் (மெர்ஜுக்கான நிபந்தனைகளில்) மேட்ரிக்ஸ் வேலைகளின் (பதிப்பு வாரியாகத் தனித்தனியே ஓடும் வேலைகளின்) பெயர்களை நேரடியாகக் கட்டாயமாக்கினால், 3.9-ஐ எடுக்கும் நாளில் அந்தப் பெயர் வராமல் எல்லாப் புல் ரிக்வெஸ்டும் காத்துக்கொண்டே நிற்கும். கடைசியில் ஒரே ஒரு தொகுப்பு வேலை வைத்து அதை மட்டும் கட்டாயமாக்குங்கள். அது எப்போதும் ஓட வேண்டும் என்ற நிபந்தனையோடு இருக்கட்டும். முந்தைய வேலைகளின் முடிவை அதுவே பார்த்துத் தோற்க வேண்டும். அந்த நிபந்தனை இல்லையென்றால் முந்தையது தோற்றதும் இது ஸ்கிப் ஆகும். ஸ்கிப் ஆன வேலையை கிட்ஹப் வெற்றி என்றே எடுத்துக்கொள்ளும்.

முதன்முறை பங்களிப்பவரின் ரன்னுக்கு உங்களில் ஒருவர் ஒப்புதல் தர வேண்டும் என்ற அமைப்பு இருக்கட்டும்; அது தொல்லை என்று, ரெப்போவின் சொந்த அனுமதிகளோடு ஓடும் புல்_ரிக்வெஸ்ட்_டார்கெட் வகைக்குப் போய்விடாதீர்கள். அதில் வெளியாரின் நிரலை எடுத்து ஓட்டினால் ரெப்போவின் ரகசியங்களை அவர் கையில் கொடுத்ததுபோல் ஆகும்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: பழைய டெஸ்டுகளில் நோஸும் மாற்றியவற்றில் பைடெஸ்டும் ஒரு முழு ரிலீஸ் வரை சேர்ந்து ஓடட்டும், எண்ணிக்கை ஒப்பீடு சி.ஐ.-யில் கட்டாயமாகட்டும், நோஸை நீக்கும் கமிட் தனியாக வரட்டும். தெலுங்கு ஃபோல்டரை நகரி, சத்தியவேடு, குப்பம் நண்பர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். மலையாள ஃபோல்டரும் சில்லுத் தரவும் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், தேவிகுளம் நண்பர்களுடையது. ஒப்பீட்டு ஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை நாங்களே அனுப்புகிறோம். கேஷ் மாட்யூலின் டெஸ்டுகளை மட்டும் அதை எழுதியவர்களே மாற்ற வேண்டும், வெளியிலிருந்து தொட எங்களுக்குத் துணிவில்லை. ஃபோல்டருக்கு ஒருவராக ரிவ்யூ செய்பவர்களின் பெயரைச் சொல்லிவிட்டால் வேலையைத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
எல்லையோரப் பங்களிப்பாளர்கள்