முதல் குடியரசுத் தலைவரை ஒரு மதிப்பெண்ணில் அடைக்காதீர்கள்

சமூக அறிவியல் பாடநூல் எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். பள்ளியில் குடிமையியல் நடத்தும் ஆசிரியன் எழுதுகிறேன். இந்தியாவின் முதல் குடியரசுத் தலைவர் யார் என்று வகுப்பில் கேட்டால் எல்லாக் கையும் உயரும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து ராஜேந்திர பிரசாத் என்ன செய்தார் என்று கேட்டால் ஒரு கையும் உயராது. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. பெயர், பிறந்த ஊர், பதவி வகித்த ஆண்டுகள் என்று தேர்வுக்கு வேண்டியதோடு அவரை நாம் முடித்துவிடுகிறோம்.

அவர் வாழ்க்கையில் சொல்லவேண்டியது எவ்வளவோ இருக்கிறது. 1917இல் பீகாரின் சம்பாரணில் அவுரி விவசாயிகளின் வாக்குமூலங்களை எழுதி எடுக்கக் காந்தியோடு போனபோது அவர் பாட்னாவில் பெயர்பெற்ற வக்கீல். அவரும் உடன் வந்த மற்ற வக்கீல்களும் ஆளுக்கொரு வேலைக்காரரும் தனிச் சமையலுமாகத்தான் வந்து இறங்கினார்கள். காந்தி சொல்லி, வேலைக்காரர்களைத் திருப்பி அனுப்பி, எல்லாருக்கும் ஒரே அடுப்பு என்று ஆனது. சாதி பார்த்துச் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு அது சின்ன மாற்றமில்லை. 1934 ஜனவரி 15இல் பீகாரை நிலநடுக்கம் உலுக்கியபோது சிறையில் இருந்தார். இரண்டு நாளில் விடுதலையானவர் நிவாரண நிதி திரட்ட இறங்கினார். அவர் சேர்த்தது 38 லட்சம் ரூபாய். வைஸ்ராயின் நிதியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

ஆனால் இந்த மடலை நான் எழுதுவது அதற்காக இல்லை. 1950 முதல் 1962 வரையிலான பன்னிரண்டு ஆண்டுகளுக்காக.

1950 ஜனவரி 25 இரவு அவருடைய அக்கா பகவதி தேவி இறந்துபோனார். மறுநாள் காலை 10.18க்கு இந்தியா குடியரசாக அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் அதுவரை கவர்னர் ஜெனரலாக இருந்த நம் ராஜாஜி. ஆறு நிமிடம் கழித்து ராஜேந்திர பிரசாத் பதவி ஏற்றார். அணிவகுப்பு மைதானத்திலிருந்து திரும்பி வந்த பிறகுதான் அக்காவின் இறுதிச் சடங்கு நடந்தது. ஒரு நாட்டின் முதல் குடியரசு நாள் அந்த மனிதருக்கு எப்படி விடிந்தது என்று என் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படி ஏற்றுக்கொண்ட பதவிக்கு அதிகாரம் எவ்வளவு? அது அன்று முழுதாக எழுதப்படவில்லை. அரசியல் நிர்ணய சபையின் தலைவராக 1949 நவம்பர் 26இல் பேசும்போது அவரே இதைக் குறிப்பிட்டார். அமைச்சரவையின் ஆலோசனைக்குக் குடியரசுத் தலைவர் கட்டுப்பட்டே ஆகவேண்டும் என்று தனியாக ஒரு பிரிவு இல்லை. இங்கிலாந்து மன்னர் நடந்துகொள்கிற மரபு இங்கேயும் வேரூன்றும் என்று நம்புகிறோம் என்ற பொருளில் பேசினார்.

இரண்டே ஆண்டுக்குள் அந்த மரபுக்குச் சோதனை வந்தது. இந்துக்களின் திருமணம், வாரிசுரிமை போன்றவற்றைச் சீர்திருத்த வந்த இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா அவருக்குப் பிடிக்கவில்லை. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்காத தற்காலிக நாடாளுமன்றம் இதைச் செய்யலாமா என்று கேட்டார். ஒப்புதல் தரும் நேரத்தில் தன் சொந்த முடிவின்படி நடக்க விரும்புவதாக 1951 செப்டம்பரில் நேருவுக்கு எழுதினார். நேரு, அட்டர்னி ஜெனரல் செதல்வாடிடமும் சென்னையின் சட்ட அறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரிடமும் கருத்துக் கேட்டார். அமைச்சரவை சொல்வதற்கு அவர் கட்டுப்பட்டவர் என்றே இருவரும் சொன்னார்கள். பிறகு, பொதுத்தேர்தலில் வந்த நாடாளுமன்றம் தனித்தனிச் சட்டங்களாக நிறைவேற்றிய 1955இன் இந்துத் திருமணச் சட்டத்துக்கும் 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கும் ஒப்புதல் தந்தவர் அதே ராஜேந்திர பிரசாத்தான். மாற்றுக் கருத்தை எழுத்தில் வைத்தார், கடைசியில் நாடாளுமன்றத்தின் முடிவுக்குக் கையெழுத்திட்டார். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் மிகப் பெரிய செயலாக நான் நினைப்பது இதைத்தான்.

புகழ்மாலையாக எழுதச் சொல்லவில்லை. நேருவின் விருப்பத்தை மீறி 1951 மே மாதம் குஜராத்தில் மீண்டும் கட்டப்பட்ட சோமநாதர் கோயிலின் விழாவுக்குப் போனது சரியா என்று மாணவர்கள் விவாதிக்கட்டும். 1959 ஜூலை 31இல், சட்டமன்றத்தில் பெரும்பான்மை இருந்தும் கேரளத்தில் முதலமைச்சர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் கம்யூனிஸ்ட் அரசு கலைக்கப்பட்டபோது அந்த ஆணையில் இருந்ததும் இவர் கையெழுத்தே. அமைச்சரவை சொன்னால் கையெழுத்துப் போடவேண்டும் என்ற மரபுக்கு இப்படியும் ஒரு விலை உண்டு. என்னைக் கேட்டால், மறுபரிசீலனை செய்யச் சொல்லி அமைச்சரவையின் ஆலோசனையை ஒரு முறையாவது அவர் வெளிப்படையாகத் திருப்பி அனுப்பியிருக்கலாம். அந்த உரிமை எழுத்தில் வந்தது 1978இன் 44ஆவது திருத்தத்தில்தான். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 42ஆவது திருத்தம் ஆலோசனைக்குக் கட்டுப்படுவதைக் கட்டாயமாக்கியிருந்தது. அவருக்கோ கேள்வி கடைசிவரை தீரவில்லை. 1960 நவம்பரில் டெல்லியில் இந்தியச் சட்டக் கழகத்தின் அடிக்கல் நாட்டு விழாவில், குடியரசுத் தலைவரின் அதிகாரம் பிரிட்டிஷ் அரசரின் அதிகாரத்திலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று ஆராயுங்கள் என்று சட்ட அறிஞர்களிடம் கேட்டுக்கொண்டார். பதவியில் இருக்கும் ஒருவர் தன் பதவியின் எல்லையைப் பொதுமேடையில் கேள்வியாக வைத்தது சாதாரண விஷயமா?

இன்று ஆளுநர் மசோதாவை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று செய்தித்தாளில் படித்துவிட்டுப் பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். பாடநூலில் 74, 111, 200 என்று பிரிவு எண்கள் இருந்தால் மட்டும் அவர்களுக்கு விளங்காது. ஒரு மனிதர் கையெழுத்துப் போடத் தயங்கி, வாதாடி, பிறகு போட்ட கதையோடு சேர்த்துச் சொன்னால் விளங்கும்.

அடுத்த திருத்தப் பதிப்பில் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். 1949ஆம் ஆண்டு உரையின் அந்தப் பத்தியையும் 1951ஆம் ஆண்டுக் கடிதத்தின் சாரத்தையும் அப்படியே கொடுங்கள். பாட முடிவில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லாமல், நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் கையெழுத்திடுவீர்களா, ஏன் என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேளுங்கள். வகுப்புக்காக நான் தயாரித்து வைத்திருக்கும் குறிப்புகள் உங்களுக்குப் பயன்படுமென்றால் அனுப்பத் தயாராக இருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு சமூக அறிவியல் ஆசிரியன்