அங்கன்வாடிக்குத் தேவை இன்னொரு பணியாளர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அங்கன்வாடி மையங்களில் முன்பருவக் கல்வியை மேம்படுத்துவதற்காகப் புதுப்புதுப் பயிற்சிகளும் விளையாட்டுப் பொருள்களும் வந்துகொண்டிருக்கின்றன. நன்கொடையாளர்கள் சுவரில் யானையும் முயலும் வரைந்து தருகிறார்கள். இவை வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால், பலன் தரக்கூடியது எது என்று நம் மாநிலத்திலேயே சோதித்து அறிந்த ஒன்று இருக்கும்போது, அதை ஓரமாக வைத்துவிட்டு மற்றவற்றிலேயே நாம் ஏன் கருத்தாக இருக்கிறோம் என்பதுதான் விளங்கவில்லை.

பொருளியலாளர் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்டோர் தமிழ்நாட்டில் 640 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டு, அவற்றுள் குலுக்கல் போலத் தேர்வு செய்த 320 மையங்களில் மட்டும், முன்பருவக் கல்விக்கென்றே அரைநேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்திப் பார்த்தனர். கற்பிக்கும் நேரம் இரு மடங்கானது. 18 மாதங்கள் கழித்துச் சோதித்தபோது, தொடர்ந்து மையத்துக்கு வந்த குழந்தைகள் கணக்கிலும் மொழியிலும் மற்ற மையக் குழந்தைகளைவிட முன்னே இருந்தார்கள். அதோடு, கல்விக்காக ஆள் போட்ட அந்த மையங்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத வளர்ச்சிக் குறைவும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடும்கூடக் குறைவாகவே காணப்பட்டன.

மேற்பார்வையாளராக இருந்த எனக்கு இதில் வியப்பில்லை. காலையில் ஒரு மையத்துக்குள் நுழைந்தால், பணியாளர் ஒரு குழந்தையை எடைக் கருவியில் நிறுத்திக்கொண்டே செல்போன் செயலியில் வருகையைப் பதிவு செய்துகொண்டிருப்பார். சத்துமாவு வாங்க வந்த தாய்மார்கள் வாசலில் நிற்பார்கள். உதவியாளர் அடுப்படியில் இருப்பார். போதாக்குறைக்கு வாக்காளர் பட்டியல் வேலை வேறு. பாடல் சொல்லித்தரப் பணியாளருக்கு ஏது நேரம்? கற்பிக்கத் தனியாக ஒருவர் வந்துவிட்டால், எடை குறைந்த குழந்தையின் தாயிடம் உட்கார்ந்து பேசவும் பழைய பணியாளருக்கு நேரம் கிடைக்கும்.

ஆய்வின் உயிர்நாடி அந்தக் கூடுதல் ஆள்தான். அவரை விட்டுவிட்டுப் பாடத்திட்டத்தையும் பயிற்சிக் கையேட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு, இதுவும் சான்றின் அடிப்படையிலான திட்டமே என்று சொல்வது முறையன்று. இருக்கும் பணியாளரிடமே அந்த வேலையையும் சேர்த்துக் கொடுப்பது அதைவிட மோசம்.

இத்தனை பேருக்கு எங்கே போவது என்ற கேள்வி எழலாம். பள்ளி நேரத்துக்குப் பின் தன்னார்வலர்கள் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் திட்டமாக 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் ஊர்ப் பெண்கள் பெருந்திரளாக முன்வந்ததைப் பார்த்தோம். பெருந்தொற்றுக் காலத்தில் இழந்த கற்றலைக் குழந்தைகள் மீட்டதில் ஏறத்தாழ 24 விழுக்காடு அத்திட்டத்தால் வந்தது என்று கிராமப்புறத் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வு மதிப்பிட்டுள்ளது. ஆள் கிடைப்பது பெரிய தடையன்று. அவர்களுக்கு மாதந்தோறும் தவறாமல் மதிப்பூதியம் சென்று சேர்வதே கவனிக்க வேண்டியது.

ஆகவே, காலிப் பணியிடங்களை நிரப்புவதோடு நின்றுவிடாமல், ஒன்றிரண்டு மாவட்டங்களிலாவது வரும் கல்வியாண்டிலேயே அரைநேரக் கல்விப் பணியாளர்களை அரசு நியமிக்க வேண்டும். அவர்களுக்குப் பதிவேட்டு வேலை எதையும் தரக்கூடாது என்பதை ஆணையிலேயே எழுதிவிட வேண்டும். கற்பித்தல் எவ்வளவு நேரம் நடக்கிறது என்பதை முன்னறிவிப்பின்றி நேரில் சென்று பார்த்து, அந்த விவரங்களை ஆண்டுதோறும் வெளியிடவும் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடி மேற்பார்வையாளர்,
திண்டிவனம்.