நீச்சல் ஆசிரியரைத் தண்ணீரில் வைத்துத் தேர்ந்தெடுங்கள்

நீச்சல் ஆசிரியர் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். அண்மையில் நீங்கள் நடத்திய நேர்காணலுக்கு வந்தவர்களில் நானும் ஒருத்தி. நீச்சல் உடையும் துண்டும் கொண்டு வந்திருந்தேன். பையைத் திறக்க வேண்டிய தேவையே வரவில்லை. உங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால், கண்ணாடிக்கு அப்பால் குளம் தெரிந்தது. என்ன பதக்கம் வாங்கினேன், 50 மீட்டரை எத்தனை விநாடியில் கடப்பேன், விடுமுறை நாள்களிலும் வர முடியுமா என்று கேட்டீர்கள். நான் நீந்துவதையும் நீங்கள் பார்க்கவில்லை, கற்பிப்பதையும் பார்க்கவில்லை.

என் வேண்டுகோள் ஒன்றுதான். நேர்காணலை அறையிலிருந்து குளத்துக்கு மாற்றுங்கள்.

உங்கள் கேள்விகளில் ஒன்றை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. "ஒரே நேரத்தில் 30 குழந்தைகளைப் பார்த்துக்கொள்வீர்களா?" புதிதாகக் கற்பவர்கள் என்றால் முடியாது என்றேன். "முன்பு இருந்தவர் பார்த்துக்கொண்டாரே" என்றார் உங்களில் ஒருவர். அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் ஒப்புக்குக் கேட்டவை என்பது எனக்குப் புரிந்தது.

ஏன் முடியாது என்பதை அன்று சொல்ல விடவில்லை, இப்போது சொல்கிறேன். மல்லாந்து மிதக்கப் பழகும் குழந்தையின் பிடரிக்கடியில் என் கை இருக்கும். கையை மெல்ல விலக்கும்போது பயத்தில் அது தலையைத் தூக்கும். தலை தூக்கினால் இடுப்பு இறங்கும், வாயில் தண்ணீர் புகும். அந்தச் சில நிமிடங்களுக்கு என் கண்ணும் கையும் அந்தக் குழந்தையிடம்தான் இருக்க முடியும். மற்ற 29 பேரை யார் பார்ப்பது? மூழ்கும் குழந்தை கத்தும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கத்தாது. வாய் நீருக்கு மேலே வருவதும் உள்ளே போவதுமாக இருக்கும்போது மூச்சு விட்டு வாங்கவே நேரம் போதாது, கூப்பிடுவது எப்படி? கைகள் இரு பக்கமும் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும், உயர்த்தி அசைக்க வராது. உடல் செங்குத்தாக நிற்கும். கரையிலிருந்து பார்ப்பவருக்கு விளையாடுவதுபோல் தோன்றும். 20 முதல் 60 விநாடிகளுக்குள் அந்தப் போராட்டம் முடிந்துவிடலாம்.

2021ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது. அவர்களில் நான்கில் ஒரு பங்கினர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பிக்க வேண்டும் என்று அதே அமைப்பு வலியுறுத்துகிறது. அந்த வேலைக்குத்தான் நீங்கள் ஆள் எடுக்கிறீர்கள். உயிர்காப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்றுகூட நீங்கள் கேட்கவில்லை.

பதக்கம் வாங்கியவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சிறு வயதிலிருந்தே உடம்பில் ஊறிப்போன ஒன்றை, கால் தாழ்ந்துபோகும் ஒருவருக்குப் படிப்படியாக விளக்கிச் சொல்வது வேறு திறமை. அதை விநாடிக் கணக்கில் அளக்க முடியாது. தண்ணீரைக் கண்டு அஞ்சும் ஒரு குழந்தையை, பெற்றோர் சம்மதத்துடன், வந்தவரிடம் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். அவர் கையைப் பிடித்து இழுக்கிறாரா, தானும் இறங்கி, குழந்தையின் கண் மட்டத்துக்குத் தாழ்ந்து, முதலில் நீரில் குமிழி ஊதிக் காட்டுகிறாரா என்று கவனியுங்கள். ஆழமான பகுதியிலிருந்து ஒரு பெரியவரைக் கரைக்கு இழுத்து வரச் சொல்லுங்கள். மூச்சு நின்றவருக்கு முதலுதவியைப் பொம்மையில் செய்துகாட்டச் சொல்லுங்கள். மூழ்கியவரின் உடல் பிராணவாயு இல்லாமல் தவித்திருக்கும். மார்பை அழுத்த மட்டுமே பழகியவர், வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கத் தயங்கி நின்றுவிடக்கூடும். இதை மேசைக்கு எதிரே உட்காரவைத்து எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆசிரியரும் அவரே, உயிர்காப்பாளரும் அவரே என்று வைத்துக்கொண்டு ஓர் ஆளின் சம்பளத்தை மிச்சம் பிடிக்கிறீர்கள். அந்தச் சம்பளமும் மணிக்கணக்கில்தான். சுத்தம் செய்யக் குளத்தை மூடினால் அன்று எங்களுக்குக் கூலி இல்லை. வாசல் பலகையில் 'தேர்ந்த பயிற்றுநர்கள்' என்று எழுதியிருப்பதை நம்பித்தான் பெற்றோர் பிள்ளைகளை விட்டுச் செல்கிறார்கள். எதை வைத்துத் தேர்ந்தார்கள் என்று அவர்கள் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

கேட்க வந்ததைப் பணிவுடன் மீண்டும் கேட்கிறேன். அடுத்த நேர்காணலைக் குளத்தில் நடத்துங்கள். நீச்சல் உடையுடன் வரவேண்டும் என்று அறிவிப்பிலேயே போடுங்கள். ஓர் ஆசிரியருக்கு எத்தனை குழந்தைகள், கரையில் தனியாக உயிர்காப்பாளர் உண்டா என்பதையும் அதிலேயே எழுதுங்கள். அப்படி ஓர் அழைப்பு வந்தால் நான் மறுபடியும் விண்ணப்பிப்பேன். 30 பேரைப் பற்றிக் கேட்டால் அன்றும் இதே பதிலைத்தான் சொல்வேன்.

இப்படிக்கு,
நீச்சல் ஆசிரியை ஒருவர்