பழைய கணினி எடைக்குப் போகும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததை ஒட்டி நீங்கள் வெளியிட்ட கட்டுரை, ஏழெட்டு வருடப் பழைய கணினி வைத்திருப்பவர்கள் புதிது வாங்கிவிடுவதே நல்லது என்று முடிகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. கணினி மெதுவாக ஓடுவது ஒரு பிரச்சினை. பாதுகாப்புத் திருத்தங்கள் வராமல் நின்றுபோவது வேறு பிரச்சினை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டியதால்தான் நன்றாக உழைக்கக்கூடிய மடிக்கணினிகள் எடைக்குப் போகின்றன.

வேகத்தை முதலில் பார்ப்போம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். வழக்கமான வேலையைச் செய்துகொண்டே அதை ஐந்து நிமிடம் கவனியுங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்க, சிபியு (அதாவது பிராசஸர்) பத்துப் பதினைந்திலேயே கிடந்தால், கோளாறு பெரும்பாலும் ஹார்ட் டிஸ்கில்தான். நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும் மடிக்கணினி டிஸ்க், அங்கங்கே சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு நூறு தடவை அளவில்தான் தேடிப் படிக்கும். சுற்றும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியில், பழைய சாட்டா இணைப்பில் ஓடும் சாதாரண வகையே பல்லாயிரம் தடவை படித்துவிடும். அப்டேட், ஆன்டிவைரஸ் என்று விண்டோஸ் பின்னணியில் செய்வதெல்லாம் இந்தச் சிறு கோப்பு வேலைதான். அதனால் டிஸ்கை மட்டும் மாற்றினாலே அதே பிராசஸர் வேறு கணினி போல ஓடும்.

வாங்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் தேவை. எம்.2 ஸ்லாட் (சிறு அட்டை வடிவ எஸ்எஸ்டி மாட்டும் இடம்) இருக்கிறதே என்று, சாட்டாவைவிட வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டியை வாங்கிவிடாதீர்கள். சில மடிக்கணினிகளில் அந்த ஸ்லாட் சாட்டா வகையை மட்டுமே ஏற்கும். அதில் என்விஎம்இ கார்டைத் திருகி மாட்டிவிடலாம், ஆனால் பயாஸில் (கணினியைக் கிளப்பும் அடிப்படை மென்பொருளில்) தெரியாது.

டாஸ்க் மேனேஜரில் மெமரி 90 சதவீதத்தைத் தொட்டபடியே இருந்தால் ராம் போதவில்லை என்று அர்த்தம். 4 ஜிபியை 8 ஆக்குங்கள். எத்தனை ஸ்லாட் காலியாக உள்ளது என்பதும் அதே பக்கத்தில் தெரியும். ராமின் இரு தலைமுறைகளான டிடிஆர்3-யும் டிடிஆர்4-ம் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையவே நுழையாது, பள்ளம் இருக்கும் இடம் வேறு. ஏமாற்றுவது, டிடிஆர்3-இன் குறைந்த வோல்ட் வகையான டிடிஆர்3எல் தான். 1.35 வோல்ட் ராம் கேட்கும் மடிக்கணினியில் 1.5 வோல்ட் ராம் கச்சிதமாக உட்காரும், ஆனால் திரையில் ஒன்றும் வராது. கடைக்காரர் மதர்போர்டு போய்விட்டது என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்.

சிபியுவே 100-இல் நின்றால் விசிறியில் தூசு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சூடேறினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

அடுத்து மென்பொருள். விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 (சாவிகளைப் பத்திரமாக வைக்கும் பாதுகாப்புப் பகுதி), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டுமே கிளம்பவிடும் வசதி), 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், கூடவே மைக்ரோசாஃப்டின் பட்டியலில் உள்ள ஒரு பிராசஸர். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்து. பிராசஸர் சரியாக இருந்தும் தகுதி இல்லை என்று வந்தால், டிபிஎம் பயாஸில் அணைந்திருக்கலாம். இன்டெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருக்கும். அதைத் தொடுவதற்கு முன், டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார்த்து, 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதிவையுங்கள். சாவி இல்லாமல் மாட்டிக்கொண்டால் டிஸ்கில் உள்ளது எதுவும் திரும்பக் கிடைக்காது. செக்யூர் பூட்டுக்கு, பயாஸின் புதிய வடிவமான யுஇஎஃப்ஐ முறை தேவை; டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருந்தால், ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்றிய பிறகே யுஇஎஃப்ஐக்குப் போகவேண்டும். மாற்றாமல் போனால் விண்டோஸ் கிளம்பாது.

பிராசஸரே தகுதி பெறவில்லையா? விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-க்கு, நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் வரும். அதற்குப் பிறகு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போன்ற ஓர் இலவச இயங்குதளம். 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, டிஸ்கில் நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, பிரின்டர் மூன்றும் வேலை செய்தால் நிறுவுங்கள். தமிழ்99 விசைப்பலகையும் அதில் கிடைக்கும். விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருளை நம்பித் தொழில் நடத்துபவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது. அவர்கள் புதுக் கணினி வாங்குவது நியாயம்தான்.

போனில் கணக்கு தலைகீழ். அங்கே ராமையோ சேமிப்பையோ மாற்ற முடியாது, மாற்றக்கூடியதில் பயனுள்ளது பேட்டரி ஒன்றுதான். பழைய பேட்டரியின் உள்தடை ஏறும். பிராசஸர் திடீரென்று மின்சாரம் இழுத்தால் வோல்டேஜ் சரிந்து போன் அணைந்துவிடும். இதைத் தவிர்க்க ஐபோன் 6, 6எஸ், எஸ்இ, 7 ஆகியவற்றின் வேகத்தை மென்பொருள் வழியாகவே குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. பேட்டரியை மாற்றியதும் பழைய வேகம் திரும்பியது. கோளாறு வன்பொருளில், தடை மென்பொருளில் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

ஆனால் பேட்டரிக்குப் பணம் கொடுக்கும் முன் செட்டிங்ஸில் கடைசிப் பாதுகாப்பு அப்டேட்டின் தேதியைப் பாருங்கள். அது நின்று ஒரு வருடம் ஆகியிருந்தால், வங்கிக் கணக்கும் யுபிஐயும் உள்ள போனுக்குப் புது பேட்டரி போடுவது வீண். கஸ்டம் ரோம் (போன் நிறுவனம் அல்லாத பிறர் உருவாக்கிய ஆண்ட்ராய்டு) ஏற்றலாமே என்பார்கள். அதற்கு, போனைக் கிளப்பும் மென்பொருளான பூட்லோடரின் பூட்டைத் திறக்கவேண்டும்; திறந்துவிட்டால் பல வங்கிச் செயலிகள் இயங்க மறுக்கும்.

பிக்சல் 8-க்கும் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு வருட அப்டேட் என்று நிறுவனங்கள் அறிவித்துள்ளன. அந்த ஏழு வருடம் மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை. இரண்டு வருடம் கழித்துத் தள்ளுபடியில் வாங்குபவருக்கு மிஞ்சுவது ஐந்துதான். உங்கள் போன் விமர்சனப் பக்கத்தில் கேமராவின் மெகாபிக்சலை அச்சிடும் பெட்டியிலேயே, அப்டேட் முடியும் மாதத்தையும் வருடத்தையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்புத் தொழிலில் உள்ள வாசகர்,
திருச்சி