அடிமாட்டு விலைக்கு கேட்டா கோவப்படாம காரணத்த கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குன்னூர், கோத்தகிரி பக்கம் வீடு விக்கிறவங்க நிறைய பேரு வயசானவங்க. பிள்ளைங்க கோயமுத்தூர், பெங்களூர்னு செட்டிலாகிடுறாங்க, இவங்களுக்கு குளிரும் மேடும் தாங்கல, வித்துட்டு கீழ போயிரலாம்னு நாலு பேருகிட்ட சொல்லி வைக்கிறாங்க. அப்புறம் வர்ற முதல் பார்ட்டியே சொன்ன விலையில மூணுல ஒரு பங்க வெட்டித்தான் கேக்குது. எங்க தெருவுல ஒரு பெரியவரு அப்படி கேட்ட பார்ட்டிய வாசல்லயே திட்டி அனுப்பிட்டாரு, அவரு கட்டின வீடு, அந்த கோவம் நியாயம்தான், ஆனா ஐப்பசி மழை கொட்டி ஒருத்தரும் வராம போனப்ப அதே புரோக்கர் திரும்பி வந்து அதவிட கம்மிக்கு முடிச்சு வச்சாரு. அத பாத்த வயித்தெரிச்சல்லதான் இத எழுதுறேன்.

குறைச்சு கேக்குறவன் எல்லாம் ஏமாத்த வந்தவன் இல்ல. சிலருக்கு கையில அவ்ளோதான் பணம், சிலருக்கு மலையப் பத்தி பயம், சிலரு மட்டும்தான் நம்ம அவசரத்த மோப்பம் புடிச்சு வர்றவங்க. இதுல யாருன்னு நாம கேக்காம தெரியாது. எங்க அப்பா வீட்ட நானும் அண்ணனும் விக்கிறப்ப 62 லட்சம் சொன்னோம், வந்தவரு 40ன்னாரு. அண்ணனுக்கு சுருக்குன்னு வந்துச்சு, ஆனா "சரிங்க, 22 லட்சம் எதுக்கு குறையுதுன்னு ஒண்ணொண்ணா சொல்லுங்க"ன்னு மட்டும் கேட்டாரு. அந்த ஒரு கேள்வியில பேச்சே மாறிப்போச்சு.

அவரு சொன்னது இதெல்லாம். மண்சரிவு ஏரியா, 2009 நவம்பர்ல என்னாச்சுன்னு தெரியும்ல. வெளி வண்டி மலைக்கு வர அனுமதி எடுக்கணும்னு இ-பாஸ் வந்ததுல இருந்து இங்க வந்து போறதே கஷ்டம். மாடி எடுக்க முடியாது. இந்தப் பக்கம் நிலத்துக்கெல்லாம் செக்‌ஷன் 17 பிரச்சனைன்னு கேள்விப்பட்டேன்.

மண்சரிவு பயம் நிஜம், அத நாங்க மறுக்கவே இல்ல. வீட்டுக்கு பின்னாடி தடுப்புச்சுவர் ஒரு இடத்துல வயிறு தள்ளி இருந்துச்சு, கொத்தனார கூட்டிட்டு வந்து எஸ்டிமேட் வாங்கி அந்த தொகைய மட்டும் கழிச்சுக்கலாம்னோம். செவுத்துக்கு ஆகுற செலவத்தான் கழிக்கணும், பயத்துக்குன்னு ஒரு தொகை கழிக்க முடியாது பாருங்க. இ-பாஸ் 2024 மே மாசம் ஹைகோர்ட் உத்தரவுல வந்தது, சுற்றுலா கூட்டத்துக்காக, டிஎன் 43ங்கிற நீலகிரி நம்பர் வண்டிக்கு அது தேவையே இல்ல. உயரம் 7 மீட்டருக்கு மேல கட்டக்கூடாதுங்கிறது உண்மை, ஆனா அது இங்க எல்லா வீட்டுக்கும் பொது, நாங்க சொன்ன விலையே அத வச்சுத்தான், குடியிருக்க வாங்குறவருக்கு அதுல நஷ்டம் என்ன? செக்‌ஷன் 17ங்கிறது கூடலூர் பக்கத்து ஜன்ம நிலம், அதாவது பழைய ஜமீன் மாதிரி எஸ்டேட் நிலம், அத ஒழிச்ச 1969 சட்டத்துல வர்றது, அதுக்கும் குன்னூர் டவுன்ல பட்டா இருக்குற வீட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. பட்டா, மூலப்பத்திரம், 30 வருஷ வில்லங்கம் மூணையும் ஜெராக்ஸ் போட்டு கையில குடுத்தோம். வெளியூர்காரங்க இத தெரியாமயே பயப்படுறாங்க, புரோக்கருங்க தெரிஞ்சே பயமுறுத்துறாங்க, ரெண்டுக்கும் காகிதம்தான் பதில்.

அப்புறம் கைடுலைன் மதிப்பு, அதாவது பத்திரப்பதிவுக்கு அரசாங்கம் வச்சிருக்குற மதிப்பு. விக்கிறவங்க இத பாக்காம வாய தொறக்கவே கூடாதுன்னு நான் சொல்வேன். அந்த மதிப்புக்கு 10 சதவீதத்துக்கு மேல குறைஞ்ச விலைக்கு வித்தா, வருமான வரிக்கு கைடுலைன் மதிப்பத்தான் வித்த விலையா எடுத்துக்குவாங்க, அதாவது கைக்கு வராத பணத்துக்கும் நாம வரி கட்டணும். வாங்குறவராலயும் தப்பிக்க முடியாது, அந்த வித்தியாசம் அவரோட வருமானமா கணக்காகும், பத்திரத்துலயும் முத்திரைக் கட்டணம் குறைவா கட்டியிருக்குன்னு கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போகும். ரொம்ப அடிச்சு கேக்குற பார்ட்டிகிட்ட இத பொறுமையா சொன்னாலே தானா மேல வருவாங்க. முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் அவங்க கையில இருந்து போகுது, எங்க வீடு கடைசியில முடிஞ்ச 56 லட்சத்துக்கு அதுவே 5 லட்சத்துக்கு மேல, அந்த வலியும் நமக்கு புரியணும்.

பாதி கணக்குல பாதி ரொக்கமா தர்றேன், உடனே முடிச்சிரலாம்னு சொன்னா மட்டும் எழுந்திருச்சிருங்க. வீட்டு அட்வான்ஸ் 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினா, வாங்கின தொகை அளவுக்கே அபராதம், அதுவும் ரொக்கத்த வாங்கினவரு, அதாவது வீடு விக்கிறவரு தலையிலதான் விழும். விக்கிற பெரியவங்ககிட்ட இத எந்த புரோக்கரும் சொல்றதில்ல.

பதில் விலைய நாங்க பேப்பர்ல எழுதித்தான் குடுத்தோம், வாயில சொல்லல. 62ல இருந்து செவுத்துக்கு இவ்ளோ கழிவு, பாக்கிப் பணத்துக்கு மூணு மாசம் டைம், கட்டில் பீரோ அப்படியே விட்டுர்றோம், 59. அவரு 48க்கு வந்தாரு, நாங்க 58க்கு போனோம், கடைசியில 56ல நின்னுச்சு. நாம ஒரு படி இறங்கினா அவரு ரெண்டு படி ஏறணும், அவரு ஏறாம நம்மள மட்டும் இறங்கச் சொன்னா இறங்காதீங்க, சும்மா இருங்க. அதுவும் ஐப்பசி, கார்த்திகையில வர்ற விலைக்கு உடனே தலையாட்டாதீங்கம்மா, எங்க பக்கம் பெரிய மழையே அப்பத்தான், வெயில் அடிச்சதும் வேற ஆள் வருவாங்க. மருத்துவச் செலவு மாதிரி நிஜமான அவசரம் இருந்தா வேற விஷயம், அப்பவும் கைடுலைனுக்கு கீழ போக வேண்டியதில்ல.

ஒரு கோரிக்கை. கைடுலைன் மதிப்பு பத்திரப்பதிவு வெப்சைட்ல இருக்கு, ஆனா எங்க ஊர் பெரியவங்க நிறைய பேருக்கு அத தேடி எடுக்க தெரியல, புரோக்கர் சொல்றத நம்பிர்றாங்க. நீலகிரியில இருக்குற எல்லா சார்பதிவாளர் ஆபீஸ்லயும் தெரு வாரியா, சர்வே நம்பர் வாரியா அந்த மதிப்ப தமிழ்ல அச்சடிச்சு வாசல்லயே ஒட்டி வைக்கணும், அதிகாரிங்க கண்ணுல படுற மாதிரி உங்க பேப்பர்ல இத போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, குன்னூர்