பார்வையாளரை அனுப்பாதது மட்டும் போதாது: ஆசியான் வெளியுறவு அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர்களுக்கு,

வணக்கம். மியன்மார் தேர்தலுக்குத் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் பெயரில் பார்வையாளர்களை அனுப்பாமல் இருந்தீர்களே, அதற்கு முதலில் நன்றி. இதற்குமேல் இந்த மடலில் பாராட்டு அதிகம் இருக்காது.

2025 டிசம்பர் 28இல் தொடங்கி 2026 ஜனவரி வரை மூன்று கட்டமாக அங்கே வாக்குப்பதிவு நடந்தது. நாட்டின் 330 வட்டாரங்களில் 65இல் வாக்குப்பதிவே இல்லை. 2020 தேர்தலில் 396 இடங்களை வென்ற, ஆங் சான் சூ கீயின் தேசிய ஜனநாயக லீக் கட்சியின் ஆட்சியை 2021இல் ராணுவம் கவிழ்த்தது; அந்தக் கட்சி 2023இலேயே கலைக்கப்பட்டுவிட்டது. தேர்தலை விமர்சித்தால் சிறை, இடையூறு செய்தால் மரண தண்டனை வரை போகலாம் என்று ஒரு சட்டம் வேறு. 2008 அரசியலமைப்பின்படி நாடாளுமன்றத்தில் கால்வாசி இடம் எப்படியும் ராணுவத்துக்கு. மீதியில் பெரும்பகுதியை ராணுவத்தின் நிழலில் வளர்ந்த யுஎஸ்டிபி கட்சி அள்ளிக்கொண்டது. உங்களில் யாருக்காவது இதில் ஆச்சரியம் இருந்ததா?

இது அவர்களுடைய உள்நாட்டு விவகாரம் என்பார்கள். நான் மலேசியாவில் இருந்து எழுதுகிறேன். விடியற்காலையில் கோலாலம்பூர் பக்கத்துச் சிலாயாங் மொத்தச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள், காய்கறி மூட்டை தூக்குபவர்கள் யார் என்று. எங்கள் நாட்டில் ஐநா அகதிகள் ஆணையத்தில் பதிந்திருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மியன்மார்க்காரர்கள். 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் நாங்கள் கையெழுத்திடவில்லை, அதனால் சட்டப்படி அவர்களால் வேலை செய்யவும் முடியாது. (இதில் எங்கள் அரசு வெட்கப்பட வேண்டியது நிறைய உண்டு. அதற்குத் தனி மடல் எழுத வேண்டும்.) இன்னொரு பக்கம், நல்ல சம்பளம் என்று நம்பிப் போன எங்கள் பிள்ளைகள் மியன்மாரின் தாய்லாந்து எல்லையில் உள்ள மியாவடிப் பக்கத்து இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டுக் கிடந்ததையும் பார்த்தோம். ஓர் ஊரின் துப்பாக்கிச் சண்டை அடுத்த நாட்டின் சந்தைக்கும் வீட்டுக்கும் வந்த பிறகு, அது யாருடைய உள்நாடு?

என் பயம் 2010ஐப் பற்றியது. அந்த ஆண்டு நவம்பர் 7இல் இதே கட்சி இதே மாதிரித்தான் ஜெயித்தது. ஆசியான் அதை வரவேற்றது. சீருடையைக் கழற்றிய தெய்ன் செய்ன் அதிபரானார், கதவுகள் கொஞ்சம் திறந்தன, 2015இல் உண்மையான தேர்தலும் வந்தது. ஆகவே இப்போதும் பொறுத்திருந்து பார்ப்போமே என்று உங்கள் அதிகாரிகள் குறிப்பு எழுதித் தரக்கூடும். அப்போது நடந்த இன்னொன்றையும் அந்தக் குறிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். வாக்குப்பதிவு முடிந்த ஆறாம் நாள் ஆங் சான் சூ கீயை வீட்டுக்காவலில் இருந்து விடுவித்தார்கள். இந்த முறை வாக்குப்பதிவு முடிந்த அந்த வாரத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. நாட்டின் பாதி நிலத்தில் போர் நடக்கும்போது, கிராமங்கள்மேல் விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருக்கும்போது, 2010ஐ முன்மாதிரி என்று காட்டுவது நியாயமில்லை.

உங்கள் வார்த்தைக்கு அந்த ராணுவம் கொடுத்த மரியாதையும் நினைவில் இருக்கும். 2021 ஏப்ரல் 24இல் ஜகார்த்தாவில், வன்முறையை நிறுத்திப் பேச்சு நடத்தக் கோரும் ஆசியானின் ஐந்து அம்ச இணக்கம் முடிவானபோது ராணுவத் தலைவர் மின் ஆங் லைங் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். ஊர் திரும்பியதும் மறந்துவிட்டார். 2022இல் ஆசியான் தலைமைப் பொறுப்பில் இருந்த கம்போடியப் பிரதமர் ஹுன் சென், தூக்குத் தண்டனை வேண்டாம் என்று கடிதமே எழுதினார். அந்த ஜூலையில் நான்கு பேரைக் கொன்றார்கள். உங்களிடம் மிஞ்சிய ஒரே ஆயுதம், 2021 அக்டோபரில் இருந்து உச்சநிலை மாநாட்டில் அவர்களுடைய அரசியல் தலைவர்களுக்கு இருக்கை இல்லை என்பதுதான். தேர்தல் நடத்தியதே அந்த இருக்கைக்காகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்? தேர்தலை ஏற்கவில்லை என்று கூட்டாகச் சொல்லிவிட்டு, ஒவ்வொருவராகத் தனித்தனியே மியன்மார் தலைநகர் நேப்பிடோவுக்கு விமானம் ஏறினால் அந்த அறிக்கைக்கு மதிப்பில்லை. உறுப்பு நாடுகள் சில இந்தத் தேர்தலுக்கே தங்கள் பெயரில் பார்வையாளர்களை அனுப்பியிருந்தன. வாழ்த்துச் செய்தியும் பதவியேற்பு விழாவும் அதே வழியில் போய்விடக் கூடாது. 2026இல் தலைமை ஏற்றிருக்கும் பிலிப்பைன்ஸ் இதை நாள் குறித்து, எழுத்தில் கேட்க வேண்டும்: வான்வழித் தாக்குதல் நிற்கும் வரை, அரசியல் கைதிகள் வெளியே வரும் வரை, அங்கிருந்து வருபவர் கோட்டு சூட்டு போட்டு வந்தாலும் இருக்கை கிடையாது.

அதோடு மறுபக்கத்தாரையும் அழையுங்கள். 2025 ஏப்ரலில் எங்கள் பிரதமர் அன்வார், பாங்காக்கில் மின் ஆங் லைங்கைச் சந்தித்த மறுநாளே ராணுவத்தை எதிர்ப்பவர்கள் அமைத்த தேசிய ஒற்றுமை அரசாங்கத்துடனும் காணொலியில் பேசினார். வானம் இடிந்துவிடவில்லை. ஒரு தலைவர் தனியாகச் செய்ததை ஆசியானின் சிறப்புத் தூதர் வெளிப்படையாகச் செய்யட்டும், கரென், கச்சின், சின், ராக்கைன் இனக்குழு அமைப்புகளையும் சேர்த்து. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இது இருக்கிறதா என்று நாங்கள் பார்ப்போம்.

இப்படிக்கு,
கிள்ளானில் இருந்து ஒரு மலேசியக் குடிமகன்